அச்சகத்துக்குப் போகும் முன்: புத்தகத்தின் நிற அமைப்புகள்

அச்சுக்குப் போகும் கோப்பில் அதிகம் தவறு நடக்கும் நிறம் கறுப்பு. நீலம் ஊதாவாக வந்தால் கண்ணில் படும், உடனே சண்டைக்குப் போகலாம். எழுத்தின் கறுப்பு நான்கு மைகளின் பிளேட்டிலும் (மையைத் தாளுக்குக் கொண்டுபோகும் தகடு) ஏறியிருந்தால் திரையில் அது தெரியவே தெரியாது. 300 பக்கமும் அச்சாகி வந்த பிறகு, எழுத்து ஏன் மங்கலாக இருக்கிறது, ஓரத்தில் ஏன் சிவப்பும் நீலமும் கசிந்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டிவரும். அதனால் இந்தப் பதிவில் கறுப்புக்குத்தான் அதிக இடம்.

இன்டிசைன், ஃபோட்டோஷாப், அக்ரோபேட் மூன்றையும் மனதில் வைத்து எழுதியது இது. ஸ்கிரைபஸிலும் அஃபினிட்டி பப்ளிஷரிலும் மெனுப் பெயர்கள் மாறும், செய்ய வேண்டிய வேலை அதேதான்.

முதலில் தாள், அப்புறம்தான் புரொஃபைல்

லேஅவுட் தொடங்கும் முன்பே அச்சகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விவரங்கள் சில உண்டு. உள்பக்கம் எந்தத் தாள், அட்டை எந்தத் தாள், எந்த ஐசிசி புரொஃபைல், மொத்த மை எத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பிடிஎஃப் எந்த வகை. இவை தெரியாமல் படங்களை சிஎம்ஒய்கேவாக (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மை) மாற்றுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

ஆர்ட் பேப்பரில் பூச்சு இருப்பதால் மை மேற்பரப்பிலேயே நிற்கும். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளி விரியும். இந்த விரிவுதான் டாட் கெயின். அது 20% என்றால், 50% என்று அனுப்பிய சாம்பல் தாளில் 70% அளவுக்குக் கனத்துத் தெரியும். புரொஃபைல் என்பது ஒரு குறிப்பிட்ட தாளும் மையும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்ற அளவீடு. விரியப்போவதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து எண்களைக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஆர்ட் பேப்பருக்கான புரொஃபைலில் மாற்றிய படத்தை மேப்லித்தோவில் அடித்தால் நிழல் பகுதியெல்லாம் அடைத்துக்கொண்டு முகம் கறுத்துப்போவது இதனால்தான்.

பரவலாகப் புழங்குபவை இவை: பூச்சுள்ள தாளுக்கு, ஜெர்மன் அச்சு ஆய்வு நிறுவனமான ஃபோக்ராவின் ஃபோக்ரா39 அளவீட்டில் அமைந்த ஐஎஸ்ஓ கோட்டட் வி2, 2015-இல் வந்த ஃபோக்ரா51, ஃபோக்ரா52 அளவீடுகளில் அமைந்த பிஎஸ்ஓ கோட்டட் வி3, பிஎஸ்ஓ அன்கோட்டட் வி3. பின்னிரண்டும் இன்றைய தாள்களில் சேர்க்கப்படும் ஒளிர் வெண்மைப் பொருளையும் கணக்கில் எடுப்பவை. ஈசிஐ என்ற ஐரோப்பிய நிறக் குழுவின் தளத்தில் இவை இலவசமாகவே கிடைக்கும். அமெரிக்க அச்சகங்கள் கிராகால் கேட்கும், ஜப்பானில் ஜப்பான் கலர்.

அடோபி மென்பொருளை வட அமெரிக்க அமைப்போடு நிறுவியிருந்தால் சிஎம்ஒய்கே இடத்தில் யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப் வி2 என்று இருக்கும். அதிலுள்ள 'வெப்' இணையம் இல்லை. சுருள் தாளில் ஓடும் வெப் ஆஃப்செட் இயந்திரம். பத்திரிகை அச்சுக்காக வகுத்தது. தாள் தாளாக ஊட்டும் ஷீட்ஃபெட் இயந்திரத்தில் அடிக்கப்போகும் புத்தகத்துக்கு அதை அப்படியே விட்டுவைப்பதுதான் மிகப் பரவலான கவனக்குறைவு.

"எதுவானாலும் பரவாயில்லை, சிஎம்ஒய்கேவா குடுங்க" என்று பதில் வந்தால் பூச்சுள்ள தாளுக்கு ஃபோக்ரா39, பூச்சில்லாததற்கு ஃபோக்ரா52 என்று எடுத்துக்கொண்டு, மை வரம்பை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். உள்பக்கம் பூச்சில்லாத தாள், அட்டை ஆர்ட் கார்டு என்றால் புரொஃபைல் இரண்டு. அட்டையும் உள்ளடக்கமும் தனித்தனிக் கோப்பாகத்தான் போகப்போகின்றன, ஆகவே இதில் சிக்கல் இல்லை. அட்டையில் இருக்கும் சிவப்பு உள்ளேயும் அதே எண்ணில் இருந்தால் அதே சிவப்பாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

மென்பொருளில் அமைப்பது

எடிட் மெனுவில் கலர் செட்டிங்ஸ். ஆர்ஜிபிக்கு (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) எஸ்ஆர்ஜிபி போதும். நல்ல கேமராவிலிருந்து வரும் படங்கள் அதிகம் என்றால் அடோபி ஆர்ஜிபி. சிஎம்ஒய்கேவுக்கு அச்சகம் சொன்னது. அதன் கீழே வரும் சிஎம்ஒய்கே பாலிசியில் 'பிரிசர்வ் நம்பர்ஸ் (இக்னோர் லிங்க்டு புரொஃபைல்ஸ்)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையால் கொடுத்த மை எண்கள் வழியில் மாறாமல் இருக்க இது தேவை. புரொஃபைல் பொருந்தாதபோதும் இல்லாதபோதும் கேட்கச் சொல்லும் பெட்டிகளை டிக் செய்துவையுங்கள். எரிச்சலூட்டும்தான். ஆனால் அடோபி ஆர்ஜிபியில் எடுத்து, புரொஃபைல் உதிர்ந்துபோன படம் எஸ்ஆர்ஜிபி என்று தவறாகப் படிக்கப்பட்டு வெளிறிப்போவதை அந்தக் கேள்விதான் தடுக்கும்.

கலர் செட்டிங்ஸை மாற்றினால் புதிதாக உருவாக்கும் ஆவணத்துக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே செய்துவைத்த இன்டிசைன் கோப்பு பழைய புரொஃபைலையே சுமந்துகொண்டிருக்கும். அதற்கு எடிட் மெனுவில் அசைன் புரொஃபைல்ஸ். இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அசைன் என்பது எண்ணைத் தொடாது, அந்த எண்ணுக்கான அர்த்தத்தை மாற்றும். அதனால் தோற்றம் மாறும். கன்வர்ட் என்பது தோற்றத்தைக் காப்பாற்றுவதற்காக எண்ணை மாற்றும். அசைன் செய்ய வேண்டிய இடத்தில் கன்வர்ட் செய்துவிட்டால், 100% கறுப்பாக இருந்த எழுத்து நான்கு மையாகப் பிரிந்துவிடும்.

அதே மெனுவில் டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. டாக்குமென்ட் சிஎம்ஒய்கே என்றே இருக்கட்டும். ஆர்ஜிபியாக இருந்தால், நிழலோ ஒளிபுகும் பெட்டியோ உள்ள விரிபக்கம் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறு சாயலில் வரும்.

படங்கள்

படங்களைக் கடைசிவரை ஆர்ஜிபியிலேயே வைத்திருந்து, பிடிஎஃப் எடுக்கும்போது ஒரே ஒரு முறை மாற்றுவது நல்லது. வந்த படத்தையெல்லாம் முதல் நாளே சிஎம்ஒய்கேவாக்கி வைத்துக்கொள்ளும் பழைய பழக்கத்தில், தாள் மாறிவிட்டால் மூலமே கையில் இல்லாமல் போகும். சிஎம்ஒய்கேவிலிருந்து இன்னொரு சிஎம்ஒய்கேவுக்குப் போகும் ஒவ்வொரு மாற்றமும் நிறத்தைக் கொஞ்சம் தின்னும், கறுப்பு மையின் பங்கையும் புதிதாகப் பங்கு போட்டுவிடும்.

இதற்கு விதிவிலக்கு, நிறம் முக்கியமான படங்கள். ஓவியம், துணி, தோல் நிறம் போன்றவற்றை ஃபோட்டோஷாப்பில் புரூஃப் கலர்ஸ் (அச்சில் வரப்போவதைத் திரையில் காட்டும் வசதி) போட்டுப் பார்த்து, கைவேலை செய்து, நீங்களே மாற்றிவிடுங்கள். ரெண்டரிங் இன்டென்ட் (அச்சில் வராத நிறத்தை எப்படி மாற்றுவது என்ற தேர்வு) பெரும்பாலும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கூடவே பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன். அச்சு எல்லைக்கு வெளியே போகும் நிறம் நிறைய இருக்கும் படத்தில் (பச்சைப் பசேல் வயல், நியான் விளக்கு) பெர்செப்சுவல் போட்டுப் பாருங்கள். ரிலேட்டிவில் அடர்நிறப் பகுதி தட்டையாகிவிடும் இடத்தில், பெர்செப்சுவல் மொத்தத்தையும் கொஞ்சம் அமுக்கி நுணுக்கத்தைக் காப்பாற்றும்.

ஆர்ஜிபியின் கலப்பில்லாத நீலம், அதாவது 0, 0, 255, ஸ்வாப் வி2-இல் ஏறத்தாழ சயான் 88, மஜெந்தா 77 ஆகும். தாளில் அது ஊதாதான். அட்டைக்கு நீலத்தை நீங்களே கலக்கும்போது மஜெந்தா, சயானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே இருக்கட்டும். 100-க்கு 70 என்பது ஏற்கக்கூடிய நீலம், 100-க்கு 60 இன்னும் பாதுகாப்பு.

தெளிவு பற்றிச் சுருக்கமாக: பக்கத்தில் வைக்கும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் (பிபிஐ), கோட்டோவியம் பிட்மேப்பாக இருந்தால் 1200.

கறுப்பு

எழுத்து எப்போதும் கறுப்பு மை மட்டும்: 0, 0, 0, 100. ஆர்ஜிபி கறுப்பை ஸ்வாப் வி2-க்கு மாற்றினால் சயான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும், கூட்டினால் 300%. நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், ஆனால் தாள் ஈரத்தில் நீளும், இயந்திரம் ஆடும். 10 புள்ளி எழுத்தின் மெல்லிய கோட்டுக்கு 0.1 மி.மீ. விலகலே போதும். தமிழ் எழுத்தில் சுழிகள் வேறு. ண, ஞ, ழ எல்லாம் உள்வெளி அடைத்துக்கொண்டு சேறாகிவிடும்.

இந்த ஆர்ஜிபி கறுப்பு உள்ளே நுழையும் வாசல்கள் தெரிந்தவைதான்: வேர்டிலிருந்து ஸ்டைலோடு ஒட்டப்பட்ட பாரா, எக்ஸெல் அட்டவணை, இணையத்திலிருந்து எடுத்த எஸ்விஜி, இங்க்ஸ்கேப்பில் வரைந்த படம். இன்டிசைனின் ஸ்வாட்சஸ் (சேமித்துவைத்த நிறங்கள்) பேனலில் ஆர்ஜிபி அடையாளத்தோடு ஏதாவது நின்றால் அதை அழியுங்கள். பதிலாக எது வேண்டும் என்று கேட்கும்போது பிளாக்கைக் கொடுங்கள். வேர்டு வழியாக வந்த எல்லா நிறமும் இப்படி இரண்டு நிமிடத்தில் சரியாகும்.

இன்டிசைனில் அடைப்புக்குறிக்குள் வரும் பிளாக் ஸ்வாட்ச்சும், நீங்களே 0, 0, 0, 100 என்று உருவாக்கும் ஸ்வாட்ச்சும் ஒன்றல்ல. முதலாவது 100% அளவில் தானாகவே ஓவர்பிரிண்ட் ஆகும். அதாவது கீழே இருக்கும் நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சாகும். வண்ணப் பின்னணியில் சிறிய எழுத்துக்கு இது வரம்: பிளேட் கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்காது. நீங்கள் உருவாக்கிய ஸ்வாட்ச் பின்னணியை வெட்டிவிட்டு அந்த ஓட்டையில் அச்சாகும். ஆகவே எழுத்துக்கு எப்போதும் அடைப்புக்குறி பிளாக்.

அதே வரம் பெரிய கறுப்புப் பட்டையில் சாபமாகும். படத்தின் மேல் பாதி ஏறிய பட்டை ஓவர்பிரிண்ட் ஆனால், படம் இருக்கும் பக்கம் கருங்கறுப்பாகவும் வெறும் தாள் பக்கம் சாம்பல் கறுப்பாகவும் தெரியும், படத்தின் விளிம்பு பட்டைக்குள் பேய்மாதிரி நிற்கும். பெரிய கறுப்புப் பரப்புக்கு ரிச் பிளாக் கலக்குங்கள்: 60, 40, 40, 100 என்பது பரவலாக ஏற்கப்படும் கலவை, மொத்தம் 240%. சயானை மட்டும் சேர்த்து 60, 0, 0, 100 என்று வைத்தால் குளிர்ச்சியான கறுப்பு, பிளேட் விலகித் தெரியும் ஆபத்தும் குறைவு. ரிச் பிளாக்கில் வெள்ளை எழுத்தை ரிவர்ஸ் போடுவதானால் தடித்த எழுத்துரு, 9 புள்ளிக்குக் குறையாத அளவு. மெல்லிய எழுத்துருவை அங்கே வைத்துவிட்டு அச்சகத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ரெஜிஸ்ட்ரேஷன் என்ற ஸ்வாட்ச்சும் திரையில் கறுப்பாகவே தெரியும். அது நான்கு மையும் 100%, ஆக 400%. வெட்டுக்குறிகளுக்கு மட்டுமே அது. தவறி ஒரு பட்டைக்குக் கொடுத்துவிட்டால் அந்த இடம் காயாது.

திரை உங்களிடம் பொய் சொல்லாமல் இருக்க, பிரிஃபரன்சஸில் அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக் என்ற இடத்தில் இரண்டையும் 'அக்யூரேட்லி' என்று மாற்றுங்கள். அப்போதுதான் வெறும் கறுப்பு கரும்சாம்பலாகவும் ரிச் பிளாக் கருங்கறுப்பாகவும் வேறுபட்டுத் தெரியும். அட்டையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தவறு அப்போதே கண்ணில் படும்.

இன்னொன்று, வெள்ளையின் ஓவர்பிரிண்ட். கறுப்பாக இருந்தபோது ஓவர்பிரிண்ட் கொடுத்த லோகோவை இல்லஸ்ட்ரேட்டரில் பிறகு வெள்ளையாக மாற்றினால் அந்தக் குறி ஒட்டிக்கொண்டே வரும். வெள்ளைக்கு மை கிடையாது; மை இல்லாததை மேலே அச்சிட்டால் ஒன்றும் வராது. லோகோ காணாமல் போகும். வியூ மெனுவில் ஓவர்பிரிண்ட் பிரிவியூவைப் போட்டு எல்லாப் பக்கமும் ஒருமுறை புரட்டினால் இது பிடிபடும்.

திரைப்பிடிப்புகள் உள்ள கணினிப் புத்தகங்களுக்குத் தனிக் குறிப்பு. படத்துக்குள் இருக்கும் எழுத்தும் ஆர்ஜிபி கறுப்புதான், இன்டிசைன் அதை எழுத்தாகப் பார்க்காது. ஃபோட்டோஷாப்பில் வொர்க்கிங் சிஎம்ஒய்கே இடத்தில் கஸ்டம் சிஎம்ஒய்கே எடுத்து, பிளாக் ஜெனரேஷனை மேக்ஸிமம் என்று வைத்து மாற்றினால் சாம்பலும் கறுப்பும் கிட்டத்தட்ட முழுக்க கறுப்பு மைக்குப் போய்விடும். புகைப்படங்களுக்கு இதைச் செய்யாதீர்கள், சொரசொரப்பாகிவிடும். வேலை முடிந்ததும் பழைய புரொஃபைலுக்குத் திரும்ப மறக்கவும் கூடாது.

மொத்த மை

ஒரே புள்ளியில் நான்கு மையும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பதே மொத்த மை. ஐஎஸ்ஓ கோட்டட் வி2 330% வரை போகும். 300% வரம்புள்ள வடிவமும் அதற்கு உண்டு. பிஎஸ்ஓ கோட்டட் வி3 300%. செய்தித்தாளுக்கு 240% அல்லது அதற்கும் கீழே. தேவைக்கேற்ப அச்சிடும் சேவைகளில் இன்கிராம்ஸ்பார்க் 240% என்கிறது. வரம்பை மீறினால் மை காயாமல் அடுத்த தாளின் பின்புறத்தில் ஒட்டும், மடிப்பில் வெடிக்கும், நிழலின் நுணுக்கம் மொத்தமாக அடைந்துபோகும்.

பார்ப்பது எளிது. இன்டிசைனில் செபரேஷன்ஸ் பிரிவியூ பேனலில் இங்க் லிமிட் என்று வைத்து எண்ணைக் கொடுத்தால் மீறிய இடம் சிவப்பாகும். ஏற்கெனவே சிஎம்ஒய்கேவாக வந்த படம் மீறினால், அந்தப் படத்தை மட்டும் குறைந்த வரம்புள்ள புரொஃபைலுக்குக் கன்வர்ட் செய்யுங்கள். முழு பிடிஎஃப்பையும் அப்படி மாற்றினால் எழுத்தின் கறுப்பு பிரிந்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அக்ரோபேட்டின் கன்வர்ட் கலர்ஸில் பிரிசர்வ் பிளாக் டிக் செய்யாமல் தொடாதீர்கள்.

ஒற்றை நிறப் புத்தகம்

கறுப்பு வெள்ளைப் புத்தகத்துக்கு நிற அமைப்பு எதற்கு என்று தோன்றும். டிஜிட்டல் அச்சில் ஒரு பக்கத்தில் ஆர்ஜிபி சாம்பல் ஒரு துளி இருந்தாலும் இயந்திரம் அதை வண்ணப் பக்கமாக எண்ணும், கட்டணமும் அப்படியே. படங்களை ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேலாக மாற்றிவிடுங்கள். அதற்கு முன் வொர்க்கிங் கிரே இடத்தில் லோடு கிரே கொடுத்து உங்கள் சிஎம்ஒய்கே புரொஃபைலையே காட்டினால், 'பிளாக் இங்க்' என்ற பெயரில் அந்தத் தாளின் கறுப்பு மை நடத்தை அப்படியே வந்துவிடும். இன்டிசைன் கிரேஸ்கேல் படத்தின் புரொஃபைலைப் பொருட்படுத்துவதில்லை, எண்ணை நேராகக் கறுப்பு பிளேட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் எண் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். பூச்சில்லாத தாளுக்கு மிக இருண்ட இடம் 90–95%, மிக வெளிறிய இடம் 3%. அதற்குக் கீழே புள்ளி தாளில் நிற்பதில்லை, நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும்.

வேர்டில் முடித்த புத்தகமாக இருந்தால் பிடிஎஃப் எடுத்தபின் அக்ரோபேட் பிரீஃப்ளைட்டில் (அச்சுக்கு முன் கோப்பைத் தானாகச் சோதிக்கும் கருவி) கிரேஸ்கேலாக மாற்றும் ஃபிக்ஸப்பை ஓட்டுங்கள்.

தனி நிறம் (நான்கு மையில் கலக்காமல் தனி மையாகவே அச்சாகும் ஸ்பாட் நிறம்) ஒன்று சேர்த்தால் பிளேட் ஒன்று கூடும். ஒரே பான்டோன் தனி நிறத்தை சி (பூச்சுள்ள தாள்) என்றும் யு (பூச்சில்லாத தாள்) என்றும் இரண்டு பெயரில் வைத்திருந்தால் இரண்டு கூடும். தனி மை வேண்டாம் என்றால் இங்க் மேனேஜரில் 'ஆல் ஸ்பாட்ஸ் டு பிராசஸ்'.

பிடிஎஃப்பும் சோதனையும்

அச்சுக்கான பிடிஎஃப் தரங்களில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ பழையது: எல்லாம் சிஎம்ஒய்கே அல்லது தனி நிறம், ஒளிபுகும் பகுதிகள் தட்டையாக்கப்படும். பிடிஎஃப்/எக்ஸ்-4 ஒளிபுகலை அப்படியே வைத்துக்கொள்ளும், புரொஃபைலோடு ஆர்ஜிபியையும் ஏற்கும். அச்சகம் ஏற்றால் எக்ஸ்-4தான் என் தேர்வு. தட்டையாக்கும்போது வரும் மயிரிழைக் கோடுகள் அதில் இல்லை. எதுவானாலும் அவுட்புட் பகுதியில் கலர் கன்வர்ஷனை 'கன்வர்ட் டு டெஸ்டினேஷன் (பிரிசர்வ் நம்பர்ஸ்)' என்று வைத்து, டெஸ்டினேஷனிலும் அவுட்புட் இன்டென்டிலும் ஒரே புரொஃபைலைக் கொடுங்கள். 'பிரிசர்வ் நம்பர்ஸ்' இல்லாத கன்வர்ட்டைத் தேர்ந்தால், ஆவணத்தின் புரொஃபைல் வேறாக இருக்கும் பட்சத்தில் எழுத்து மறுபடி நான்கு மையாகும்.

பிறகு அக்ரோபேட்டில் அவுட்புட் பிரிவியூ. முதல் வேலை, பிளாக் பிளேட்டை மட்டும் அணைப்பது. எழுத்து மொத்தமும் மறைய வேண்டும். எங்காவது பழுப்பு நிறத்தில் எழுத்தின் ஆவி நின்றால் அங்கே நான்கு மைக் கறுப்பு இருக்கிறது. அடுத்து ஷோ பட்டியலில் ஆர்ஜிபியை மட்டும் காட்டச் சொன்னால் பக்கம் வெறுமையாக வர வேண்டும் (எக்ஸ்-4-இல் வேண்டுமென்றே ஆர்ஜிபி விட்டிருந்தால் படங்கள் மட்டும்). மூன்றாவதாக டோட்டல் ஏரியா கவரேஜ், அதாவது மொத்த மை. 300 பக்கப் புத்தகத்துக்கு இந்த மூன்றும் சேர்ந்து அரைமணி நேரம். பிரீஃப்ளைட் பச்சை டிக் காட்டிவிட்டது என்று இதை விட்டுவிடாதீர்கள். நான்கு மைக் கறுப்பு எழுத்து எந்த எக்ஸ் தரத்தையும் மீறுவதில்லை, டிக் தாராளமாகக் கிடைக்கும்.

திரையில் நிறம் பார்ப்பதானால் அளவீட்டுக் கருவியால் சீர்செய்த திரை, பிரகாசம் சதுர மீட்டருக்கு 100–120 கேண்டெலா. பளபளக்கும் லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு 'அச்சு இருட்டடிக்கிறது' என்பதில் அர்த்தமில்லை. புரூஃப் செட்டப்பில் 'சிமுலேட் பேப்பர் கலர்' டிக் செய்தால் எல்லாம் சோகையாகத் தெரியும். அதுதான் நிஜத்துக்குக் கிட்டத்தில் இருப்பது. கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள், பேனல்களை மறைத்துவிட்டுப் பாருங்கள்.

தாள் புரூஃப் வாங்கினால் அதன் ஓரத்தில் ஃபோக்ரா மீடியா வெட்ஜ் என்ற நிறப்பட்டை இருக்கிறதா, அளந்த சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டை இல்லாத டிஜிட்டல் நகல் எழுத்துப்பிழை பார்க்க உதவும், ஆஃப்செட் நிறத்துக்கு அதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. பார்க்கும் விளக்கு 5000 கெல்வின். குழல்விளக்குக்கு அடியில் ஒப்பிட்டால் சாம்பல் பச்சையடிக்கும். அட்டைக்கு மேட் லேமினேஷன் போடப்போகிறீர்கள் என்றால் அந்த ஃபிலிம் ஒட்டிய மாதிரியையே கேளுங்கள். மேட் ஏறியதும் கறுப்பின் ஆழம் குறையும், அடர்சிவப்பு ஒரு படி மங்கும். கிளாஸ் ஏறினால் அப்படியே எதிர். லேமினேஷன் இல்லாத புரூஃபில் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு பேச இடமிருக்காது.